பெண் உரிமை மேடையில் பாடும் பெண்ணுக்கு என்ன உரிமை?



ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 8 நெருங்கும்போது நம் பேராக் மாநிலத்தில் மண்டபங்களுக்குக் கிராக்கி ஏற்பட்டு விடுகிறது. ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பாகான் செராய் என்று ஊருக்கு ஊர் ஏதாவது ஓர் அமைப்பு மகளிர் தினக் கூட்டம் நடத்துகிறது. நல்லதுதான். ஆனால் அந்த அழைப்பிதழைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். தலைமை தாங்குபவரின் பெயர் பட்டத்தோடு இருக்கும். திறப்பாளர் பெயரும் பட்டத்தோடு இருக்கும். நன்கொடை கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கடைசி வரியில், "இடையிடையே பாடல் நிகழ்ச்சி இடம்பெறும்" என்று போட்டிருப்பார்கள். பாடப்போகும் பெண்ணின் பெயர் மட்டும் இருக்காது.

அந்தப் பெண் தானே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தன் செலவில் பயிற்சி எடுத்து, தன் செலவில் வண்டி பிடித்து வந்திருப்பார். குடிகாரக் கணவனிடம் அடிபடும் பெண்ணைப் பற்றியோ, தொழிற்சாலையில் சூப்பர்வைசரின் தொல்லையைப் பற்றியோ பாடியிருப்பார். கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்திருப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவருக்குக் கிடைப்பது ஒரு பொன்னாடையும் ஒரு சோற்றுப் பொட்டலமும்தான். சம்பளம் என்று கேட்டால், "நம்ம போராட்டத்துக்குத்தானே தங்கச்சி!" என்று ஒரு சிரிப்பு.

பெண்ணின் உழைப்புக்கு மதிப்புக் கொடு என்று முழங்குகிற மேடையிலேயே ஒரு பெண்ணின் உழைப்பு இலவசமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இதில் உள்ள முரண்பாடு நம்மில் எத்தனை பேருக்கு உறுத்துகிறது? பெண் உரிமைக்காகப் பாடும் பெண்ணுக்கு மூன்று உரிமைகள் உண்டு. ஒன்று பெயர், இரண்டாவது கூலி, மூன்றாவது பாதுகாப்பு. இம்மூன்றையும் கொடுக்காத மேடை தன்னைப் பெண் உரிமை மேடை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதே இவ்வாரத் தலையங்கத்தின் வாதம்.

தோட்டத்தில் தொடங்கிய கணக்கு

நம் பாட்டிமார்கள் பாடாத பாட்டா? லயத்து வீட்டில் தாலாட்டும் அவர்களுடையது, சாவு வீட்டில் ஒப்பாரியும் அவர்களுடையது. விடியுமுன் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பிரட்டுக்கு ஓடி, நிரைக்குப் போய்ப் பால் வெட்டியவர்கள் அவர்கள். அந்த உழைப்புக்கு வெள்ளைக்காரன் காலத்தில் என்ன விலை போட்டார்கள் தெரியுமா? 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கத்தியும் மரமும் பாலும் இருவருக்கும் ஒன்றுதான். பெண் என்பதற்காக 10 காசு பிடித்தம்!

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மேம்பாட்டுக்கு விற்கப்பட்டன. நம் மக்கள் புந்தோங், சிலிபின், சிம்மோர் என்று மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பாட்டிமார்களின் பேத்திகள் இன்று கைத்தொலைபேசியில் பாட்டைப் பதிவு செய்து யூடியூப்பில் போடுகிறார்கள். சினிமா கம்பெனியும் இல்லை, கேசட் கம்பெனியும் இல்லை. சொந்தச் சொல், சொந்தக் குரல், சொந்தச் செலவு. இவர்களைத்தான் சுயாதீன இசைக்கலைஞர்கள் என்கிறோம். ஆனால் பழைய 10 காசு பிடித்தம் மட்டும் வேறு உருவத்தில் தொடர்கிறது. அன்று பிடித்தவன் துரை. இன்று பிடிப்பது நாமே.

பாட்டால் என்ன ஆகிவிடும்?

"பாட்டுப் பாடினால் உரிமை கிடைத்து விடுமா வக்கீல் ஐயா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

நம் ஈப்போவிலேயே தொடங்கிய ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை 2009-இல் அவருடைய முன்னாள் கணவர் தாயின் சம்மதம் இல்லாமல் மதம் மாற்றினார். 2013-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அந்த மதமாற்றத்தை ரத்து செய்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. 29 ஜனவரி 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று சொன்னது. அதன் பிறகும் கைக்குழந்தையாகக் கொண்டுபோகப்பட்ட கடைசி மகளுக்காக அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

இந்த வழக்கின் தீர்ப்பு ஆங்கிலத்தில், பல பக்கங்களில் இருக்கிறது. வழக்கறிஞர்கள் படிப்போம். இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் ஒரு தாய் அதைப் படிக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தாயின் வலியைச் சொல்லும் நாலு நிமிடப் பாட்டைப் பஸ்ஸில் உட்கார்ந்தபடி அவர் கேட்பார். "எனக்கும் இப்படி உரிமை இருக்கிறதா?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. அந்தக் கேள்வி பிறந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கே வேலை!

பாட்டு தொழிலாளிக்கு உதவிய கதையும் உண்டு. கொடைக்கானலில் யூனிலீவரின் இந்திய நிறுவனம் நடத்திய தெர்மோமீட்டர் தொழிற்சாலை பாதரச மாசு காரணமாக 2001-இல் மூடப்பட்டது. அங்கு வேலை செய்தவர்கள் இழப்பீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற இளம் பெண் அதைப் பற்றி ஒரு ராப் பாடலை வெளியிட்டார். உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் அந்நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டுமே அதைச் சாதித்தது என்று சொன்னால் அது தொழிலாளர்களின் நீண்ட போராட்டத்தை அவமதிப்பதாகும். ஆனால் மலை மேல் அடைபட்டுக் கிடந்த குரலை உலகத்தின் காதில் போட்டது அந்தப் பாட்டு.

சொந்தக் காசில் நின்றவர்

பெண் கலைஞர் தன் காலில் நின்று உரிமைக்குப் போராடுவது புதிய விஷயமும் அல்ல. பெங்களூர் நாகரத்னம்மாள் (1878-1952) தேவதாசி மரபில் பிறந்தவர். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, தான் பாடிச் சம்பாதித்த பணத்தைப் போட்டு நிலம் வாங்கி, அங்கே கோயில் எழுப்பினார். ஆனால் அங்கு நடந்த ஆராதனை விழாவில் பெண்கள் பாட அனுமதி இல்லை! கட்டியவருக்கே மேடை இல்லை. அவர் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. 1927-இல் பெண் கலைஞர்களைத் திரட்டித் தனி அணியாக விழா நடத்தினார். பிரிந்து கிடந்த அணிகள் 1940-களின் தொடக்கத்தில் ஒன்றாயின, பெண்களும் பாடும் விழாவாக அது மாறியது. தன் காசும் தன் மேடையும் இருந்ததால்தான் அவரால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. கூலி ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

குரல் கொடுத்தவருக்குக் கிடைத்தது

இப்போது நம் காலத்துக்கு வருவோம். வடசென்னை இராயபுரத்தைச் சேர்ந்தவர் இசைவாணி. கானா என்பது ஆண்களின் பாட்டு என்றிருந்த இடத்தில் துணிந்து நுழைந்தவர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில் உருவாகி 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் அன்று அவர் ஒருவர்தான் பெண். 2020-இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

சபரிமலைக்குப் பெண்கள் போகலாமா என்ற சர்ச்சை சூடாக இருந்த காலத்தில், வழிபாட்டிலும் வாழ்க்கையிலும் பெண்ணுக்கு ஏன் தடை என்று கேட்கும் ஒரு பாட்டை அவர் பாடினார். ஆண்டுகள் பல கழித்து, 2024 நவம்பரில் அந்தப் பழைய பாட்டைத் தோண்டி எடுத்து அவர் மீது பாய்ந்தார்கள். ஆபாசமான வசவுகள், மிரட்டல்கள். கடைசியில் அவர் போலீசுக்குப் போக வேண்டியதாயிற்று.

நம் வாசகர்களில் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். அந்தப் பாட்டு உங்கள் மனதைப் புண்படுத்தியிருக்கலாம். "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஓர் ஆண் கருத்துச் சொன்னால் அவன் கருத்தைத் திட்டுவார்கள். ஒரு பெண் கருத்துச் சொன்னால் அவள் உடம்பை, நடத்தையை, வீட்டாரைத் திட்டுவார்கள். இது பக்தியா? எந்தச் சாமி இதைக் கேட்டது?

சின்மயியின் கதையும் உங்களுக்குத் தெரியும். 2018 அக்டோபரில் பாடலாசிரியர் வைரமுத்து மீது அவர் பாலியல் புகார் கூறினார். வைரமுத்து அதை மறுத்தார். அடுத்த மாதமே டப்பிங் கலைஞர் சங்கம் சின்மயியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சந்தா பாக்கி என்று காரணம் சொன்னார்கள். தமிழ்ப் படங்களில் அவருடைய குரல் பெரும்பாலும் அடங்கிப்போய், 2023-இல் 'லியோ' படத்தில்தான் மீண்டும் பேசப்பட்டது. புகாரின் உண்மையைத் தீர்மானிக்க வேண்டியது விசாரணை. அது முடிவதற்குள் வாய் திறந்தவரின் பிழைப்பில் கை வைப்பது எந்த நீதி? அவருக்காவது சங்கம் என்று ஒன்று இருந்தது, புகழ் இருந்தது. நம் ஊரில் தனியாகப் பாடும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? "இவள் பிரச்சினைக்காரி" என்று நாலு பேர் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டால் போதும். அடுத்த திருவிழாவுக்கு அழைப்பு வராது.

தோட்டத்துக் கதை, யாருக்கு வருமானம்?

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு நம் வீட்டுக் கல்யாணங்களில் ஒலிக்காத நாள் இல்லை. அறிவு எழுதி, தீ என்ற பெண் பாடகியும் அவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து பிறந்தது என்று அறிவு சொன்னார். அதாவது அது நம் கதையும்தான். கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட அந்தப் பாட்டிலிருந்து ஒரு காசுகூடத் தங்களுக்கு வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பில் வேறு விளக்கம் தந்தது. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். உலகப் புகழ் பெற்றவர்களுக்கே பாட்டின் கணக்கு இந்த நிலை என்றால், சிம்மோரிலிருந்து பாடும் நம் வீட்டுப் பிள்ளையின் நிலை என்ன?

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பாடும் மகள், தங்கை இருக்கும் வீட்டில் இதை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக எழுதிய பாட்டு எழுத்திலோ பதிவிலோ வந்துவிட்டால் உரிமை அவருடையது. வாழ்நாள் முழுவதும், இறந்த பிறகு 50 ஆண்டுகளும் அது நிற்கும். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சு செல்லாது.

இரண்டாவது, ஒரு கண்ணி இருக்கிறது. ஓர் அமைப்போ நிறுவனமோ கேட்டு, அவர்களுக்காகப் பாட்டு உருவாக்கிக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பதிப்புரிமை கேட்டவர்களுக்கே போய்விடும். "பாட்டின் உரிமை என்னுடையது. உங்கள் நிகழ்ச்சிக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, பிறர் எழுதிய பாட்டைப் பாடினாலும் பாடுபவருக்கென்று உரிமை உண்டு. மேடையில் பாடுவதைப் பதிவு செய்ய அவர் சம்மதம் தேவை. ஒருமுறை சம்மதித்துவிட்டால் அந்த உரிமையின் பெரும்பகுதி கையை விட்டுப் போய்விடும். ஆகவே கேமரா ஓடுவதற்கு முன்பே, எங்கே போடுவீர்கள், பெயர் வருமா, வருமானம் வந்தால் பங்கு என்ன என்று கேளுங்கள். கேட்பது திமிர் இல்லை, உரிமை.

நான்காவது, பேசிய சம்பளம் வரவில்லை என்றால் 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே போடலாம். ஆறு ஆண்டுக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசிய பேச்சு சாட்சியாக உதவும், அழித்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, ஏற்பாட்டாளரோ, இசைக்குழுத் தலைவரோ, யாரோ ஒரு பிரமுகரோ பாலியல் தொல்லை கொடுத்தால், 2022 பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச்சில் செயல்படத் தொடங்கியது. 250,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. விசாரணை பொதுமக்களுக்குத் திறந்திருக்காது, பொதுவாக வழக்கறிஞர் இல்லாமலே நடக்கும். விடாமல் பின்தொடர்வது, இரவு பகலாகச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்பது 2023 முதல் தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின் கீழ்க் குற்றம். வீட்டுக்குள்ளேயே அடி உதை என்றால் 1994 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கு

"பொம்பளப் பிள்ளை மேடையில் ஏறினால் நாளைக்கு யார் கட்டிக்குவான்?" நம் வீடுகளில் இந்தக் கேள்வியில்தான் முக்கால்வாசிப் பாட்டு செத்துப்போகிறது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. இரவு பதினொரு மணிக்கு நிகழ்ச்சி முடிகிறது, வீடு வர வண்டி இல்லை, முகநூலில் கண்டபடி எழுதுகிறார்கள். பயப்படாமல் என்ன செய்வீர்கள்?

ஆனால் பயத்துக்கு மருந்து மகளைப் பூட்டி வைப்பதா? மகன் உருமி மேளம் அடிக்கப் போனால் மோட்டார் வாங்கிக் கொடுக்கிறோம். மகள் மைக் வாங்கக் கேட்டால் "படிப்பைப் பார்" என்கிறோம். அப்பாவோ அண்ணனோ ஒரு நாள் கூடப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். ஏற்பாட்டாளரிடம், "என் பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு விடுவீர்கள்?" என்று நீங்களே கேளுங்கள். வீட்டார் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிப் பேர் வாலாட்ட மாட்டார்கள். திட்டி எழுதுகிறவனுக்குப் பயந்து பாட்டை அழிக்கச் சொல்லாதீர்கள். அவன் எழுதியதைப் படம் பிடித்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் பிள்ளையோடு போங்கள்.

அமைப்புகளே, உங்களுக்கு

ஆலய நிர்வாகம், மன்றம், கட்சி, உரிமை இயக்கம், யாராக இருந்தாலும் இது பொருந்தும். "நாங்கள் ஏழை அமைப்பு, பணத்துக்கு எங்கே போவது?" என்பீர்கள். கூடாரம் போட்டவருக்குப் பணம் கொடுத்தீர்களா? கொடுத்தீர்கள். ஒலிபெருக்கிக்காரருக்கு? கொடுத்தீர்கள். பேனர் அடித்த கடைக்கும் பிரியாணி சமைத்தவருக்கும்? கொடுத்தீர்கள். அவர்களில் யாரிடமாவது "நம்ம போராட்டத்துக்குத்தானே" என்று சொன்னீர்களா? பாடிய பெண்ணிடம் மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

பணம் உண்மையிலேயே இல்லை என்றால் அதை அழைக்கும்போதே சொல்லுங்கள். வருவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். மனமுவந்து இலவசமாகப் பாடுவது வேறு, கடைசி நேரத்தில் கைவிரிக்கப்படுவது வேறு. சம்பளம் முடியாவிட்டாலும் போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். அழைப்பிதழில் பேச்சாளர் பெயர் இருக்கும் அதே அளவில் அவர் பெயரைப் போடுங்கள். நல்ல காணொளி எடுத்து அவரிடமே கொடுங்கள். மேடையின் பின்னால் பூட்டு உள்ள ஓர் அறை ஒதுக்குங்கள். இரவு வீடு சேரும்வரை பொறுப்பேற்க ஒரு பெண் தொண்டரை நியமியுங்கள். உங்கள் மேடையில் பாடியதற்காக நாளை அவரை யாராவது தாக்கினால், அன்று மாலைக்குள் உங்கள் அமைப்பின் பெயரில் அறிக்கை வர வேண்டும். "அது பாடகியின் சொந்தக் கருத்து" என்று நழுவாதீர்கள். கைதட்டல் வாங்கும்போது உங்கள் மேடை, கல்லடி விழும்போது அவர் கருத்தா?

வாசகர்களே, நாம் சிறுபான்மை. நமக்குரியதை மற்றவர் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மகஜர் கொடுக்கிறோம், ஊர்வலம் போகிறோம். அது நியாயம். அந்த நியாயத்தைக் கேட்கும் தகுதி நமக்கு வேண்டுமானால், நம் மேடையில் நிற்கும் பெண்ணுக்குரியதை நாம் பிடித்து வைக்கக் கூடாது. நம் பாட்டியிடம் துரை பிடித்த அந்த 10 காசை, பேத்தியிடம் நாம் பிடிக்கலாமா?

அடுத்த முறை உங்கள் பகுதியில் ஒரு பெண் பாடக் கேட்டால், அவர் பெயரைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பாட்டாளரைத் தேடிப் போய், "பாடிய பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று நாலு பேர் முன்னால் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைப் பத்து மண்டபத்தில் பத்துப் பேர் கேட்டால் போதும், பழக்கம் மாறும்.

நம் பெண்கள் பாடட்டும். பெயரோடு பாடட்டும், கூலியோடு பாடட்டும், பயமின்றிப் பாடட்டும்!